யாருமில்லாத அறையில் கத்திய யுபிஎஸ்

எங்கள் பள்ளி நூலக அறையின் மூலையில் ஒரு கணினி இருக்கிறது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. கடந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தமிழாசிரியையின் வழிகாட்டலில் அதில் ஒரு வேலை செய்துவந்தார்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டிகளிடம் கேட்டு, வழக்கில் குறைந்துபோன வேளாண் சொற்களைத் திரட்டி, பொருளோடு அட்டவணையாகத் தட்டச்சு செய்வதுதான் அந்த வேலை. கமலை, சால், வடம் என்று தொடங்கிய பட்டியல் சில மாதங்களில் அறுநூறு சொற்களைத் தாண்டியது. பெரியவர்கள் பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து அதையும் கணினியில் சேர்த்துவந்தோம்.

ஒருநாள் அந்தக் குரல் பதிவுகளை எல்லாம் வேறு வடிவக் கோப்புகளாக மாற்ற வேண்டியிருந்தது. பழைய கணினி, மெதுவாகத்தான் ஓடும். இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பட்டியல் கோப்பும் திறந்தபடியே இருந்தது. யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம் எனக்கு.

இரவில் கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் தன்னால் முடிந்தவரை தாங்கியிருக்கிறது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. காலையில் வந்து பார்த்தால் பட்டியல் கோப்பு திறக்கவே இல்லை. என்னிடம் இருந்தது பத்து நாளுக்கு முந்தைய நகல். பத்து நாள் வேலை போயிற்று.

மாணவர்கள் பெரும்பாலானோர் தங்கள் நோட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்துவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் தன் பாட்டியைப் பள்ளிக்கே அழைத்துவந்து, அவர் சொல்லச் சொல்ல நேராகக் கணினியில் அடித்திருந்தாள். அவளிடம் தாளில் எதுவும் இல்லை. மறுபடி பாட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "அன்னிக்கு என்னவோ வரிசையா ஞாபகம் வந்துச்சு கண்ணு, இன்னிக்கு வரலையே" என்றாராம்.

அந்த மாணவிதான் என்னிடம் கேட்டாள்: "சார், கரண்ட் போனா யுபிஎஸ் கீ கீன்னு கத்துதுல்ல, ராத்திரி யாருமே இல்லாதப்ப அது யாருக்குக் கத்துச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தச் செயல்திட்டம் பிறந்தது. யுபிஎஸ்ஸின் கத்தல் மனிதக் காதுக்கானது. கணினிக்கு அது கேட்காது. கணினிக்குப் புரியும் வகையில் யாராவது "கரண்ட் போய்விட்டது" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் கருவியை மாணவர்களும் நானும் சேர்ந்து செய்தோம். பழைய பொருள்கள் போக எங்களுக்கு ஆன செலவு நூறு ரூபாய்க்குள்தான். அதைச் செய்த முறையையும், அதில் செய்த தவறுகளையும், எந்தப் பாடத்தோடு இணைத்தோம் என்பதையும் இங்கே பகிர்கிறேன்.

ஒரு சொல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளில் மின்தடை என்றால் கரண்ட் போவது. அறிவியல் பாடநூலில் மின்தடை என்றால் ஓம் அலகில் அளப்பது. எங்கள் வகுப்பில் இந்த இரண்டும் கலந்து குழப்பம் வந்தது. அதனால் கரண்ட் போவதை மின்வெட்டு என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

கணினிக்குள் என்ன நடக்கிறது?

மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையையும் பதிவேட்டையும் வைத்து விளக்கினேன். நாம் கணினியில் செய்துகொண்டிருக்கும் வேலை முதலில் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். அது கரும்பலகை. சேமித்த வேலை வன்தட்டில் இருக்கும். அது பதிவேடு. மின்சாரம் நின்றதும் கரும்பலகை முழுதும் அழிந்துவிடும். பதிவேட்டில் எழுதி முடித்தவை அப்படியே இருக்கும். ஆனால் கரும்பலகையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் பாதியில் விளக்கு அணைந்தால்? அந்தப் பக்கம் அரைகுறையாக நிற்கும். அதுதான் திறக்காத கோப்பு.

இன்றைய வன்தட்டுகளில் மின்சாரம் திடீரென நின்றால் படிக்கும் முனை தானாகவே பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்கிக்கொள்ளும். சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் ஆற்றலே அதற்குப் பயன்படுகிறது. கோப்புகளின் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடும் இயங்குதளத்தில் உண்டு. ஆனால் அமைப்பு சரியாக இருப்பது வேறு, கோப்புக்குள் இருந்த பாட்டியின் சொற்கள் சரியாக இருப்பது வேறு. இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை.

யுபிஎஸ் செய்வது ஒன்றுதான். மின்வெட்டு நேர்ந்ததும் பேட்டரிக்கு மாறிச் சில நிமிட அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் ஒருவர் எழுந்து வந்து கணினியை முறையாக அணைக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அவகாசம் வீண்.

முதலில் இதைப் பாருங்கள்

கருவி செய்ய இறங்கும் முன் உங்கள் யுபிஎஸ்ஸின் பின்புறத்தைப் பாருங்கள். சற்று விலை கூடிய யுபிஎஸ்களில் யுஎஸ்பி துளை ஒன்று இருக்கும். அது சார்ஜ் செய்வதற்கானது அல்ல, கணினிக்குச் செய்தி சொல்வதற்கானது. அதிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி இணைத்தால், பல யுபிஎஸ்களில் மடிக்கணினியில் தெரிவது போலவே மேசைக்கணினியின் திரையிலும் பேட்டரிப் படம் வந்துவிடும். பேட்டரி குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மின்சக்தி அமைப்புகளில் குறித்துவிடலாம். அப்படி இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. எங்கள் யுபிஎஸ்ஸில் அந்தத் துளை இல்லை.

எங்கள் யோசனை

மின்வெட்டு நேர்ந்தால் அறையில் எவையெல்லாம் நின்றுபோகும் என்று பட்டியல் போடச் சொன்னேன். மின்விசிறி, டியூப்லைட், சுவரில் செருகிய கைப்பேசி சார்ஜர் என்று சொன்னார்கள். "அப்படியானால் சார்ஜரில் 5 வோல்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே கரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்" என்றான் ஒரு மாணவன். வீணாகக் கிடக்கும் பழைய சார்ஜர்தான் எங்கள் காவல்காரர்.

அடுத்த கேள்வி, சார்ஜரின் செய்தியைக் கணினிக்குள் எப்படிக் கொண்டுசெல்வது? கணினி எதையெல்லாம் தானாகவே கவனிக்கிறது என்று கேட்டேன். "பென்டிரைவைச் செருகினால் டிங் என்கிறது, பிடுங்கினாலும் டிங் என்கிறது" என்று பதில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டோம். கரண்ட் இருக்கும்வரை பென்டிரைவ் கணினிக்குத் தெரிய வேண்டும், கரண்ட் போனதும் அது மறைய வேண்டும். நடுவில் ஒரு ரிலே இருந்தால் போதும்.

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும், தொடுமுனைகள் சேரும். மின்னோட்டம் நின்றால் தகடு விலகிவிடும். சுருளைச் சார்ஜர் இயக்கும். தொடுமுனைகள் பென்டிரைவுக்குப் போகும் மின்சாரத்தை விடும் அல்லது நிறுத்தும். சார்ஜருக்கும் கணினிக்கும் இடையே மின் இணைப்பே கிடையாது. சார்ஜரில் ஏதாவது பழுது ஏற்பட்டாலும் அது கணினிக்குள் நுழையாமல் இருக்க இது உதவும்.

தேவையான பொருள்கள்

1. நன்றாக வேலை செய்யும் பழைய கைப்பேசி சார்ஜர், அதன் கம்பியோடு (5 வோல்ட்)
2. 5 வோல்ட் சுருள் கொண்ட ஐந்து கால் ரிலே
3. யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி
4. பயன்படாமல் கிடக்கும் குறைந்த கொள்ளளவு பென்டிரைவ்
5. மல்டிமீட்டர், சால்டரிங் இரும்பு, இன்சுலேஷன் டேப், மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பா

பாதுகாப்பு: இதை முதலில் படியுங்கள்

சார்ஜரை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் அதன் உறைக்குள்ளேயே இருக்கட்டும். நாம் கை வைப்பது 5 வோல்ட் வெளிவரும் மெல்லிய கம்பியில் மட்டும்தான். கம்பியை வெட்டும்போதும் இணைக்கும்போதும் சார்ஜர் பிளக்கில் செருகப்பட்டிருக்கக் கூடாது, யுஎஸ்பி கம்பி கணினியில் இருக்கக் கூடாது. உறை விரிசல் விட்ட, தொட்டால் சூடாக இருக்கும் சார்ஜர் வேண்டாம். சால்டரிங் வேலையை ஆசிரியர் செய்யலாம், அல்லது ஆசிரியர் பக்கத்தில் நின்று ஒருவரை மட்டும் செய்யவிடலாம். ஒப்பந்தப் பராமரிப்பில் உள்ள ஆய்வகக் கணினிகளில் தலைமையாசிரியரின் அனுமதியும் பராமரிப்பாளரின் ஒப்புதலும் இல்லாமல் எதையும் இணைக்க வேண்டாம். நாங்கள் செய்தது பள்ளிக்குச் சொந்தமான தனிக் கணினியில்.

இணைப்பு முறை

படி 1: சார்ஜர் கம்பியின் கைப்பேசி முனையை வெட்டிவிட்டு உள்ளே இருக்கும் கம்பிகளை வெளியே எடுங்கள். பெரும்பாலும் சிவப்பு நேர்மின், கறுப்பு எதிர்மின். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் உறுதி செய்யுங்கள். 5 வோல்ட்டையொட்டி அளவு காட்ட வேண்டும்.

படி 2: ரிலேயின் கால்களை அடையாளம் காணுங்கள். இது மாணவர்களுக்கு அருமையான புதிர். மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து இரண்டிரண்டு கால்களாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ரிலேயில் ஒரு ஜோடி சுமார் 70 ஓம் காட்டியது. அதுதான் சுருள். மீதி மூன்று கால்களில் இரண்டு மட்டும் சேர்ந்தே இருந்தன. மூன்றாவது தனியாக இருந்தது. சுருளுக்கு 5 வோல்ட் கொடுத்ததும் 'டிக்' என்று சத்தம் வந்தது. இப்போது தனியாக இருந்த கால் வேறொரு காலோடு சேர்ந்திருந்தது. இரண்டு நிலையிலும் சேர்ந்திருக்கும் கால் எதுவோ அதுதான் பொதுமுனை. கரண்ட் இருந்தால் மட்டும் அதோடு சேர்வது நமக்கு வேண்டிய முனை.

படி 3: சார்ஜரின் இரு கம்பிகளையும் சுருளின் இரு கால்களில் இணையுங்கள்.

படி 4: யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியின் நடுவில் மேலுறையை மட்டும் ஓரங்குலம் உரியுங்கள். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பு மட்டும் 5 வோல்ட் கொண்டுசெல்வது. அதை மட்டும் வெட்டி, ஒரு முனையைப் பொதுமுனையிலும் மறுமுனையைப் படி 2இல் கண்டுபிடித்த முனையிலும் இணையுங்கள். மற்ற மூன்று கம்பிகளில் கீறல்கூட விழக் கூடாது.

படி 5: எல்லா இணைப்புகளையும் டேப் சுற்றி டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். நீட்டிப்புக் கம்பியின் ஒரு முனையில் பென்டிரைவ், மறுமுனை கணினியில்.

இப்போது சார்ஜரைச் செருகினால் 'டிக்', பென்டிரைவ் திரையில் தோன்றும். பிடுங்கினால் மறுபடி 'டிக்', பென்டிரைவ் மறையும்.

இந்த இணைப்பில் இன்னொரு நன்மை இருப்பதைக் கவனியுங்கள். எந்தக் கம்பி அறுந்தாலும், சார்ஜர் பழுதானாலும், பென்டிரைவை யாராவது எடுத்துவிட்டாலும் கணினிக்கு அது மின்வெட்டாகவே தெரியும். ஆபத்து இல்லாதபோது எச்சரிப்பது தொல்லைதான். ஆனால் ஆபத்தின்போது பேசாமல் இருப்பதைவிட அது மேல். காவல் கருவிகளை வடிவமைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, இது பழுதானால் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான். இதை வகுப்பில் பேசுவதற்கே ஒரு பாடவேளை ஒதுக்கினேன்.

நிரல்

பென்டிரைவில் 'கரண்ட்' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு வைத்தோம். வேறு எதுவும் அதில் வைக்கக் கூடாது, ஏனெனில் அது அடிக்கடி சொல்லாமல் கொள்ளாமல் துண்டிக்கப்படும். அந்தப் பென்டிரைவுக்கு எப்போதும் ஒரே டிரைவ் எழுத்து கிடைக்கும்படி விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் அமைத்தோம். பிறகு நோட்பேடில் ஒரு பேட்ச் கோப்பு எழுதினோம். கட்டளைகளை எழுதும் முன் மாணவர்கள் தமிழில் படிகளை எழுதினார்கள்:

1. எண்ணியின் மதிப்பைச் சுழியம் ஆக்கு.
2. பென்டிரைவில் 'கரண்ட்' கோப்பு தெரிகிறதா என்று பார்.
3. தெரிந்தால் எண்ணியைச் சுழியம் ஆக்கிவிட்டுப் படி 7க்குப் போ.
4. தெரியாவிட்டால் எண்ணியில் 1 கூட்டு.
5. எண்ணி 6 ஆனால் எச்சரிக்கை வாசகம் எழுதிய கோப்பைத் திரையில் திற.
6. எண்ணி 18 அல்லது அதற்கு மேல் ஆனால் கணினியை உறக்கநிலைக்கு அனுப்பு.
7. 10 விநாடி காத்திரு. படி 2க்குப் போ.

அதாவது ஒரு நிமிடம் தொடர்ந்து கரண்ட் இல்லையென்றால் எச்சரிக்கை, மூன்று நிமிடம் இல்லையென்றால் உறக்கநிலை. நடுவில் கரண்ட் வந்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கண் சிமிட்டுவது போல் போய்வரும் கரண்டுக்கெல்லாம் கணினி பதற வேண்டியதில்லை.

இங்கே அணைப்பதற்குப் பதில் உறக்கநிலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் ஷட்டவுன் கட்டளையை ஒரு கால அவகாசத்தோடு கொடுத்தால், நேரம் முடிந்ததும் அது திறந்திருக்கும் நிரல்களைக் கட்டாயமாக மூடிவிடும். சேமிக்காத வேலை போய்விடும். வன்தட்டு பிழைக்கும், கட்டுரை பிழைக்காது. உறக்கநிலையான ஹைபர்னேட்டில் தற்காலிக நினைவகத்தில் உள்ளவை எல்லாம் வன்தட்டில் எழுதப்பட்ட பிறகே கணினி அணையும். மறுநாள் இயக்கினால் பாதியில் நின்ற வாக்கியம் அப்படியே திரையில் நிற்கும். கரும்பலகையைப் படம் பிடித்துப் பதிவேட்டில் ஒட்டிவிட்டு விளக்கை அணைப்பது போல. ஷட்டவுன் என்ற கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஹெச் எழுத்தும் இட்டால் உறக்கநிலை. சில கணினிகளில் இந்த வசதி முடக்கப்பட்டிருக்கும். அதை முதலில் இயக்க வேண்டும். லினக்ஸ் கணினி என்றால் இதே படிகளை ஷெல் நிரலாக எழுதலாம். அதில் உறக்கநிலை அமைக்கப்படாதிருந்தால் முறையாக அணைக்கும் கட்டளையைக் கொடுங்கள்.

கோப்பை ஸ்டார்ட்அப் கோப்புறையில் வைத்துவிட்டால் கணினியில் உள்நுழையும்போதெல்லாம் அது தானாக ஓடத் தொடங்கும்.

எத்தனை நிமிடம் காத்திருக்கலாம்?

மூன்று நிமிடம் என்ற அளவை நாங்கள் குத்துமதிப்பாகப் போடவில்லை. பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கணக்கைக் கொடுத்தேன். யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. பெருக்கினால் 84 வாட் மணி. 100 வாட் பளுவுக்கு 0.84 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 50 நிமிடம் வர வேண்டும்.

பிறகு கணினியைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை இணைத்து, சுவர் சுவிட்சை அணைத்து, கடிகாரத்தைப் பார்த்தோம். பதினொன்றாவது நிமிடத்தில் பல்பு அணைந்தது.

"கணக்கு தப்பா சார்?" என்றார்கள். கணக்கு சரிதான். ஆனால் பேட்டரியின் மீது எழுதியுள்ள 7 ஆம்பியர் மணி என்பது 20 மணி நேரம் மெதுவாக, சுமார் 0.35 ஆம்பியர் வீதம் எடுக்கும்போது கிடைப்பது. நாமோ 8 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுகிறோம். அவசரமாக எடுத்தால் பேட்டரி குறைவாகவே தரும். நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றுவதில் கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. எங்கள் பேட்டரிக்கு வயதும் ஆகிவிட்டது. பாடநூல் விடைக்கும் நடைமுறை விடைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை எனக்கு வேறு நினைவில்லை.

உறக்கநிலைக்குப் போக எங்கள் கணினிக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. காத்திருக்கும் நேரமும் இதுவும் சேர்ந்து, யுபிஎஸ் தாங்கும் நேரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். பாதி எதற்கு என்றால், மாலையில் ஒருமுறை கரண்ட் போய்வந்த பிறகு பேட்டரி முழுதாக நிரம்பியிருக்காது. அந்த நேரத்தில் மறுபடி போனால் முழு 11 நிமிடம் கிடைக்காது. பருவத்துக்கு ஒருமுறை பல்புச் சோதனையைத் திரும்பச் செய்து நேரத்தைச் சரிபார்ப்பதும் நல்லது.

நாங்கள் செய்த தவறுகள்

முதல் நாள் எல்லாம் இணைத்து, சுவர் சுவிட்சை அணைத்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. யுபிஎஸ்ஸின் பின்னால் ஒரு துளை காலியாக இருக்கிறதே என்று சார்ஜரை அதிலேயே செருகியிருந்தார்கள். யுபிஎஸ் தரும் மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டு கரண்ட் இருப்பதாகச் சார்ஜர் சொல்லிக்கொண்டிருந்தது. காவல்காரரை வெளியே நிறுத்தாமல் வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டோம்.

பிறகு எதிர்ச்சுவரில் இருந்த பிளக்கில் செருகினோம். அதிலும் சிக்கல் வந்தது. எங்கள் கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. ஒரு ஃபேஸ் மட்டும் போனபோது சார்ஜர் இருந்த பக்கம் கரண்ட் இருந்தது, யுபிஎஸ் இருந்த பக்கம் இல்லை. இப்போது ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் யுபிஎஸ்ஸின் பிளக்கும் சார்ஜரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யுபிஎஸ்ஸுக்கு எது போகிறதோ அதைத்தான் சார்ஜரும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தவறு நிரலில். உறக்கநிலை சரியாக நடந்தது. ஆனால் மறுநாள் கணினியை இயக்கினால் சில விநாடிகளில் மறுபடி உறங்கிவிட்டது. மீண்டும் இயக்கினோம், மீண்டும் உறங்கியது. காரணத்தைக் கண்டுபிடித்தது பாட்டியின் சொற்களை இழந்த அதே மாணவி. கணினி விட்ட இடத்திலிருந்து எழுவதால் எண்ணியும் 18லேயே நிற்கிறது. விழித்தவுடன் பென்டிரைவ் தெரிய இரண்டு மூன்று விநாடி ஆகிறது. அதற்குள் நிரல் பார்த்துவிட்டு, இல்லை என்று எண்ணி 19 ஆக்கிவிடுகிறது. படி 6இல் "உறக்கநிலைக்கு அனுப்பு, எண்ணியைச் சுழியம் ஆக்கு" என்று அவளே திருத்தினாள். மேலே உள்ள படிகளை இந்தத் திருத்தம் இல்லாமல்தான் தந்திருக்கிறேன். உங்கள் மாணவர்களும் அந்தப் பிழையைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

பாடத்தோடு இணைக்க

ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தவியல் நடத்தும்போது ரிலேயின் 'டிக்' சத்தம் ஒன்றே போதும். சுருளின் மின்தடை 70 ஓம், அழுத்தம் 5 வோல்ட், எனவே மின்னோட்டம் சுமார் 0.07 ஆம்பியர் என்ற கணக்கையும், அதை மல்டிமீட்டரால் சரிபார்ப்பதையும் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் செய்யலாம். நிரலின் ஏழு படிகளையும் கணினி இல்லாத பள்ளியில்கூடப் பாய்வுப்படமாக வரையலாம்.

தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு இதையே எளிமையாக்கலாம். ரிலேயின் மற்ற முனையில், அதாவது கரண்ட் இல்லாதபோது சேர்ந்திருக்கும் முனையில், இரண்டு உலர் மின்கலமும் டார்ச் பல்பும் இணைத்தால் மின்வெட்டு நேர்ந்ததும் தானாக எரியும் விளக்கு கிடைக்கும். ஆசிரியர் செய்துவைத்து, குழந்தைகள் சார்ஜரின் சுவிட்சைப் போட்டு அணைத்து ஏன் இப்படி நடக்கிறது என்று பேசலாம். நடித்துக் காட்டுவது அதைவிட மகிழ்ச்சி. ஒரு குழந்தை சார்ஜர், ஒரு குழந்தை ரிலே, ஒரு குழந்தை பென்டிரைவ், ஒரு குழந்தை கணினி. சார்ஜர் கையை விட்டால் ரிலே கையை விட வேண்டும், பென்டிரைவ் உட்கார வேண்டும், கணினி பதினெட்டு வரை எண்ணித் தூங்க வேண்டும். பாதியில் சார்ஜர் மறுபடி கை கோத்தால் கணினி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நான்காம் வகுப்புக் குழந்தைகள் இதை ஒரே முறையில் பிடித்துக்கொண்டார்கள்.

மதிப்பீட்டுக்கு நான் கேட்ட கேள்விகள்: பென்டிரைவை ஒருவர் எடுத்துச் சென்றுவிட்டால் என்ன நடக்கும்? பேட்டரி மிகவும் பழையதாகி இரண்டே நிமிடம் தாங்கினால் நிரலில் எதை மாற்றுவாய்? சார்ஜருக்குப் பதில் வேறு எதை வைத்துக் கரண்ட் இருப்பதை அறியலாம்?

இந்தக் கருவி எதைச் செய்யாது?

நகல் எடுக்கும் பழக்கத்துக்கு இது மாற்று ஆகாது. வன்தட்டு தானே பழுதானால் இதனால் ஒன்றும் செய்ய முடியாது. கணினியில் யாரும் உள்நுழையாமல் இருந்தால் ஸ்டார்ட்அப் கோப்பும் ஓடாது. கரண்ட் திரும்பியதும் கணினி தானாக எழாது, காலையில் ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். எங்களுக்கு அதுவே வசதி.

இப்போது எங்கள் சொற்பட்டியல் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை இரண்டு இடங்களில் நகலெடுக்கப்படுகிறது. அந்தப் பொறுப்பை மாணவர்களே வைத்திருக்கிறார்கள், என்னிடம் தரவில்லை.

கருவி முதன்முதலில் உண்மையாகவே வேலை செய்தது மின்வெட்டில் அல்ல. ஒரு மாலை, யாரோ கணினியை அணைக்க மறந்துவிட்டோம். பள்ளியைப் பூட்டிச் சென்றவர் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். மறுநாள் காலையில் வந்து பொத்தானை அழுத்தினோம். முந்தைய நாள் அடித்துக்கொண்டிருந்த வரி அப்படியே இருந்தது. அட்டவணையின் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில், பொருள் எழுத வேண்டிய கட்டத்தில், சுட்டி மின்னிக்கொண்டிருந்தது. அந்த மாணவி உட்கார்ந்து மீதியை அடிக்கத் தொடங்கினாள்.

பாட்டிக்குச் சில சொற்கள் மறுபடி நினைவுக்கு வந்திருக்கின்றனவாம். இந்த முறை நோட்டிலும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.